பெஞ்ச் கிரைண்டருக்கு மரத்தில் ஒரு ஸ்டாண்ட்: முழங்கையில் தொடங்கும் அளவு

சாணை பிடித்த உளியை ஜன்னல் பக்கம் கொண்டுபோய், அதன் சரிவை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நன்றாகப் பிடித்த சரிவு ஒரே தகடாக மின்னும். நான் பெஞ்ச் கிரைண்டர், அதாவது மோட்டார் தண்டின் இரண்டு முனையிலும் சாணைக்கல் சுழலும் யந்திரம், வாங்கிய முதல் ஆறு மாதம் என் உளிகள் அப்படி மின்னவே இல்லை. மீன் செதில் மாதிரி தட்டுத் தட்டாக, ஒவ்வொரு தட்டும் ஒவ்வொரு பக்கம் வெளிச்சத்தைக் காட்டியது. கல் மட்ட ரகம் என்று நினைத்துக் கல்லை மாற்றினேன். கை நடுங்குகிறது என்று நினைத்து மூச்சை அடக்கிப் பிடித்தேன். உண்மையில் ஆடியது மேசை. பட்டறையின் வேலை மேசை ஓரத்தில் கிரைண்டரை முடுக்கியிருந்தேன். சுவிட்சைப் போட்டதும் மேசை மேல் கிடந்த ஸ்க்ரூக்கள் மெல்ல நகர்ந்து ஓரத்துக்கு வரும். அந்த ஆட்டம்தான் உளியில் எழுதிக்கொண்டிருந்தது.

அப்புறம் தனியாக ஒரு ஸ்டாண்ட் செய்தேன், மரத்தில். அதன் செய்முறையைத்தான் இங்கே முழுதாகச் சொல்கிறேன். 6 அங்குலக் கல் போடும் கிரைண்டரை வைத்து அளவுகளைக் கொடுத்திருக்கிறேன். 8 அங்குலம் வைத்திருப்பவர்கள் மேல்பலகையைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டு, எடையைத் தாராளமாக ஏற்றிக்கொண்டால் போதும்.

ஆட்டம் எங்கிருந்து வருகிறது

ஸ்டாண்டுக்கு மரம் வாங்கப் போனபோது மரவாடியில் இருந்த பெரியவர் ஒருவர் எதற்கு என்று கேட்டார். சொன்னேன். "தம்பி, கல்லு ஆடுறதுக்கு மரத்தைக் குத்தம் சொல்லாதீங்க. முதல்ல கல்லைப் பாருங்க" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவருக்கு இன்றும் நன்றி சொல்வேன்.

கணக்கு இப்படித்தான். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் ஓடும் சாதாரண பெஞ்ச் கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,850 சுற்று சுற்றும், அதாவது வினாடிக்கு 47 தடவை. கல்லில் மையத்திலிருந்து 50 மி.மீ. தள்ளி ஒரு பக்கம் 10 கிராம் கூடுதலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேகத்தில் அந்த 10 கிராம், நாலரைக் கிலோ எடையைக் கட்டி இழுப்பது மாதிரி இழுக்கும். அதுவும் வினாடிக்கு 47 முறை, மேலே, முன்னே, கீழே, பின்னே என்று சுற்றிச் சுற்றி. எந்த ஸ்டாண்டும் இதை இல்லாமல் ஆக்காது, தாங்கத்தான் செய்யும். அதனால் மரத்தில் கை வைப்பதற்கு முன் கல்லைச் சரி செய்துவிடுங்கள்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு இரண்டு கல்லையும் கழற்றுங்கள். இடது பக்க நட்டுக்கு மரை எதிர்ப்பக்கம் இருக்கும். வழக்கமாக இறுக்கும் பக்கம் திருப்பினால்தான் அது கழலும். தெரியாமல் எதிராகப் போராடி மரையைக் கெடுத்தவர்கள் நிறைய. கல் இல்லாமல் மோட்டாரை வெறுமனே ஓட விடுங்கள். அப்போதும் அதிர்ந்தால் கோளாறு தண்டிலோ பேரிங்கிலோ இருக்கிறது, அதை முதலில் பாருங்கள். வெறும் மோட்டார் அமைதியாக ஓடினால் ஒரு கல்லை மட்டும் மாட்டி ஓட்டுங்கள், பிறகு மற்றதை. இரண்டும் தனித்தனியே பரவாயில்லை, சேர்ந்தால் ஆடுகிறது என்றால் ஒரு கல்லை மட்டும் தளர்த்தி, கால் சுற்று திருப்பி, மறுபடி இறுக்கிப் பாருங்கள். நாலு நிலையில் ஏதோ ஒன்றில் இரண்டு கல்லின் ஏற்றத்தாழ்வும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். எனக்கு மூன்றாவது நிலையில் பாதி ஆட்டம் அடங்கியது. நட்டை அளவுக்கு மேல் இறுக்க வேண்டாம். கல்லின் இரு பக்கமும் ஒட்டியிருக்கும் காகித வட்டத்தைக் கிழிக்கவும் வேண்டாம். கல்லை இரு பக்கமும் பிடிக்கும் வட்டத் தகட்டின் அழுத்தம் கல்லின் மேல் சமமாகப் பரவுவதற்குத்தான் அது இருக்கிறது.

கல் கழன்று கையில் இருக்கும்போதே இன்னொன்றும் செய்யுங்கள். சந்தையில் மண்பானையை எப்படித் தட்டி வாங்குவோமோ, அதேபோல. துளைக்குள் விரலை விட்டுக் கல்லைத் தொங்கவிட்டு, ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் நாலு இடத்தில் லேசாகத் தட்டுங்கள். கணீர் என்று கேட்டால் கல் நலம். மொத்தையாக, உடைந்த பானைபோலக் கேட்டால் உள்ளே விரிசல் இருக்கிறது. அதை மாட்டவே கூடாது. வேறு யாருக்கும் கொடுக்கவும் கூடாது, உடைத்துப் போட்டுவிடுங்கள். 150 மி.மீ. கல்லின் விளிம்பு மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் ஒரு துண்டு கழன்று வந்தால் என்ன ஆகும் என்பதை நினைத்துக்கொண்டு தட்டிப் பாருங்கள்.

கடைசியாக, மாட்டிய கல்லின் முகத்தை டிரெஸ்ஸர் (கல்லைச் சீவும் கருவி) வைத்து வட்டமாகச் சீவிவிடுங்கள். புதுக் கல்லுக்கும் இது தேவை.

ஏன் மரம்

கடையில் இரும்பு ஸ்டாண்ட் கிடைக்கிறது. வெல்டிங் பட்டறையில் சொன்னால் ஆங்கிளில் அரை நாளில் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். அதில் ஒன்றும் தவறில்லை. ஆனால் மெல்லிய ஆங்கிளில் செய்த இலேசான ஸ்டாண்ட் மணி மாதிரி. அதிர்வை வாங்கித் திரும்பப் பாடும். மரம் அதிர்வைத் தனக்குள்ளேயே தின்றுவிடும். ஒரு இரும்புக் குழாயையும் அதே நீளத்துக்கு ஒரு புளியங்கட்டையையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், காதே சொல்லிவிடும். இன்னொரு காரணம், நம் உயரத்துக்கு நாமே அறுத்துக்கொள்ளலாம்.

மரத்துக்கு ஒரு குறையும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். கிரைண்டர் நெருப்புப் பொறி கக்குகிற யந்திரம். பொறி விழும் இடத்தில் மரமும் மரத்தூளும் இருப்பது ஆபத்து. அதற்கான ஏற்பாட்டைக் கீழே சொல்கிறேன், அந்தப் பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

எந்த மரம் என்றால், கனமாக, காய்ந்ததாக, கோணாததாக இருந்தால் சரி. வேம்பு நல்லது, பூச்சி அண்டாது, ஆனால் பச்சையாக வாங்கினால் முறுக்கிக்கொள்ளும். கருவேலம் வண்டிச் சக்கரத்துக்கும் ஏருக்கும் ஓடிய மரம், இதற்கு மிகப் பொருத்தம், இழைக்கத்தான் உயிர் போகும். புளி கறிக்கடைக் கட்டைக்குப் போகிற மரம். அந்த வெட்டையே தாங்குகிறது என்றால் கிரைண்டர் எம்மாத்திரம். நான் வாங்கியது வீடு இடித்த மரம், பழைய வேப்பஞ்சட்டங்கள். பல வருடம் கூரையில் காய்ந்தது இனி எங்கே கோணப் போகிறது? ஆனால் பழைய மரத்தில் ஆணி ஒளிந்திருக்கும். இழைப்புளி வைப்பதற்கு முன் ஒரு காந்தத்தை நாலு பக்கமும் தடவி எடுத்துவிடுங்கள். காரைக்குடிப் பக்கம் இடித்த வீட்டு பர்மா தேக்குகூடக் கிடைக்கும். அதைத் தயவுசெய்து இதற்கு அறுக்காதீர்கள். அந்த மரத்துக்கு வேறு நல்ல வேலை இருக்கிறது.

பச்சை மரமா காய்ந்த மரமா என்று சந்தேகம் வந்தால், அறுத்த முகத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். பச்சை மரம் சில்லென்று இருக்கும்.

உயரம்

இதுதான் இந்த வேலையின் உயிர். கிரைண்டரோடு கடையில் விற்கும் ஸ்டாண்ட் யாரோ ஒருவருடைய உயரத்துக்குச் செய்தது. குனிந்து சாணை பிடித்தால் கண் பொறிக்கு அருகே போகும், முதுகும் போகும். உயர்ந்து போனால் தோளைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், தூக்கிய கை நிலையாக நிற்காது.

பட்டறையில் போடும் செருப்பைப் போட்டுக்கொண்டு நேராக நில்லுங்கள். கையை மடக்கி, முன்கையைத் தரைக்கு மட்டமாக நீட்டுங்கள். இன்னொருவரை விட்டுத் தரையிலிருந்து முழங்கை வரை அளக்கச் சொல்லுங்கள். எனக்கு 41 அங்குலம், என் உயரம் 5 அடி 6. கல்லின் தண்டு மையம் முழங்கைக்கு 2 அங்குலம் கீழே இருந்தால் எனக்கு வசதி, ஆக 39. கிரைண்டரின் அடியிலிருந்து தண்டு மையம் வரை என் யந்திரத்தில் 5 அங்குலம். உங்களுடையதை அளந்துகொள்ளுங்கள். 39-இல் 5 போக 34. இதுதான் ஸ்டாண்டின் மொத்த உயரம். மேல்பலகை ஒன்றரை அங்குலம், மீதி 32½ அங்குலம் காலின் செங்குத்து உயரம்.

சந்தேகம் இருந்தால் அட்டைப்பெட்டி, செங்கல் எதையாவது அடுக்கி, அதன் மேல் கிரைண்டரை வைத்து, ஓட்டாமல், கையில் உளியோடு ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். பட்டறையில் இரண்டு பேர் வேலை செய்தால் உயரம் குறைந்தவருக்கு ஏற்றபடி செய்வதே மேல். உயரமானவர் காலை அகட்டி நின்றுகொள்வார்.

வடிவம்: பின்கால் மட்டும் சாயட்டும்

கல்லின் தண்டு இடவலமாக இருக்கிறது. அதனால் கல் இழுக்கும் இழுப்பு முன்பின்னாகவும் மேல்கீழாகவும்தான் இருக்கும், இடவலமாக அவ்வளவு இராது. நாம் உளியைக் கொடுக்கும்போது தள்ளுவதும் பின்பக்கம்தான். ஆக, அடிப்பாகம் முன்பின்னாக அகலமாக இருக்க வேண்டும். நாலு காலையும் விரித்தால் முன்கால்கள் நம் பாதத்தில் இடிக்கும். எனவே முன்கால் இரண்டும் நேர், பின்கால் இரண்டும் சாய்வு. சாய்வு, உயரம் 6 அங்குலத்துக்கு 1 அங்குலம் என்ற விகிதம். 32½ அங்குல உயரத்தில் பின்கால் ஏறக்குறைய ஐந்தரை அங்குலம் பின்னால் போய் ஊன்றும். மேலே முன்பின்னாக 10 அங்குலம் என்றால் தரையில் பதினைந்தரை.

அறுக்க வேண்டியவை இவை:

கால்கள்: 3 அங்குலத்துக்கு 2 அங்குலச் சட்டம், 34 அங்குல நீளம், 4
மேல் பக்கச் சட்டம்: 3-க்கு 1½, 8 அங்குலம், 2
கீழ்ப் பக்கச் சட்டம்: 3-க்கு 1½, 13 அங்குலம், 2
முன் குறுக்குச் சட்டம்: 3-க்கு 1½, 13½ அங்குலம், 1
மேல்பலகை: 18 மி.மீ. பிளைவுட், 16-க்கு 10 அங்குலம், 2
முதுகுப் பலகை: 18 மி.மீ. பிளைவுட், 15-க்கு 20 அங்குலம், 1
மணல் பெட்டி: மீதி பிளைவுட்டிலிருந்து

கழிவெல்லாம் சேர்த்து முக்கால் கன அடி மரம் வாங்கினால் போதும். பிளைவுட் ஐஎஸ் 710 முத்திரை உள்ளதை எடுங்கள். பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம் இருக்கப் போகிறது, சாதாரண ரகம் ஓரத்தில் ஊதிவிடும்.

தரையில் முழு அளவில் வரையுங்கள்

சாய்வுக் கால் என்றதும் பலர் கோணமானியைத் தேடுவார்கள். தேவையில்லை. பட்டறைத் தரையைக் கூட்டி, சுண்ணக்கட்டியால் பக்கத் தோற்றத்தை முழு அளவில் வரையுங்கள். தரைக்கோடு ஒன்று, அதற்கு 32½ அங்குலம் மேலே இணையாக இன்னொன்று. முன்காலுக்கு நேர்கோடு. மேல்கோட்டில் முன்காலின் வெளி முகத்திலிருந்து 10 அங்குலம் தள்ளி ஒரு புள்ளி, கீழ்க்கோட்டில் பதினைந்தரை தள்ளி ஒரு புள்ளி, இரண்டையும் சேர்த்தால் பின்காலின் வெளி முகம். உள்ளே 3 அங்குலம் தள்ளி இணைகோடு. கீழ்ச் சட்டத்தின் மேல்விளிம்பு தரையிலிருந்து 4 அங்குலத்தில் வரட்டும்.

இனி அளவு நாடாவை ஓரமாக வையுங்கள். கால் சட்டத்தை அந்தக் கோட்டின் மேலேயே படுக்க வைத்து, எங்கே அறுக்க வேண்டும், எங்கே துளை வர வேண்டும் என்று நேராகப் பென்சிலால் இறக்கிக்கொள்ளுங்கள். சட்டங்களின் தோள், அதாவது காலில் முட்டி நிற்கும் முகம், எந்தச் சாய்வில் வெட்டுப்பட வேண்டும் என்பதும் அதிலேயே தெரியும். கணக்கில் தப்பு வரலாம், முழு அளவுப் படத்தில் கண்ணுக்கு முன்னால் தெரிந்துவிடும். கோயில் தேர் வேலையிலிருந்து வீட்டு ஜன்னல் வரை தரையில் கோடு போட்டுத்தான் நம்மவர்கள் செய்திருக்கிறார்கள்.

துளையும் கழுந்தும்

பக்கச் சட்டங்களைக் காலில் ஸ்க்ரூ போட்டு நிறுத்திவிடலாமே என்று கேட்பீர்கள். நிற்கும், ஒரு வருடம். வினாடிக்கு 47 முறை ஆட்டினால் ஸ்க்ரூவின் மரை மரத்தை மெல்லத் தின்று இடம் பண்ணிக்கொள்ளும். காலில் துளையும், அதில் செருகச் சட்டத்தின் முனையில் செதுக்கிய கழுந்தும் போட்டு ஒட்டிய மூட்டில் தின்ன எதுவும் இல்லை.

ஒன்றரை அங்குலச் சட்டத்தில் கழுந்தின் தடிமன் மூன்றில் ஒரு பங்கு, அரை அங்குலம். நீளமும் ஒன்றரை அங்குலம். காலில் துளை முதலில், கழுந்து பிறகு. துளையின் அகலம் உளி சொல்வதுதான், கழுந்தை அதற்குப் பொருத்தமாகச் சீவிக்கொள்ளலாம். அரை அங்குல உளியை எடுத்து, நல்ல கொட்டாப்புளியால் (மரச் சுத்தியல்), நடுவிலிருந்து ஓரத்துக்கு வெட்டிக்கொண்டு வாருங்கள். டிரில்லில் முதலில் நாலைந்து துளை போட்டுக்கொண்டால் வேலை பாதி. கோடு வரை போகாமல் ஒரு மயிரிழை விட்டு நிறுத்தி, கடைசி வெட்டை மட்டும் கோட்டில் வைத்து நேராக இறக்குங்கள்.

பின்காலில் துளை சாய்வாக இறங்க வேண்டும். காலுக்குச் செங்குத்தாக அல்ல, தரைக்கு இணையாக. இங்கேதான் கை தடுமாறும். ஒரு சிறு பலகைத் துண்டைத் தரைப் படத்தில் வைத்து அந்தச் சாய்வுக்கு அறுத்து, துளைக்குப் பக்கத்தில் காலின் மேல் நிறுத்திக்கொண்டு, உளி அதற்கு இணையாக இறங்குகிறதா என்று கண்ணால் பார்த்துக்கொண்டே வெட்டுங்கள். கழுந்தைக் கையால் அழுத்தினால் பாதி வரை போக வேண்டும், மீதிக்குக் கொட்டாப்புளியில் நாலு தட்டு. முழுதும் கையாலேயே போனால் தளர்வு. தட்டினாலும் போகவில்லை என்றால் காலைப் பிளந்துவிடும், இன்னும் கொஞ்சம் சீவுங்கள்.

முன் குறுக்குச் சட்டத்தை மேலிருந்து 4 அங்குலம் இறக்கி வையுங்கள். பலகைக்கு ஒட்டி வைத்தால் கிரைண்டர் போல்ட்டுக்கு ஸ்பானர் நுழையாது. முன்கால் இரண்டிலும் உள்முகத்தில் இதற்கான துளை, ஒன்றேகால் அங்குல ஆழம்.

பசை போடாமல் ஒருமுறை எல்லாவற்றையும் கோத்துப் பாருங்கள். தரைப் படத்தின் மேல் படுக்க வைத்தால் கோட்டோடு கோடு ஒத்துப்போக வேண்டும். சரியாக இருந்தால் ஃபெவிகால் தடவி, இரண்டு பக்கச் சட்டகத்தையும் தனித்தனியே கிளாம்ப் போட்டு ஒரு இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் முன் குறுக்குச் சட்டத்தில் இரண்டையும் கோத்து, மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்து, முதுகுப் பலகையைப் பசையும் ஸ்க்ரூவும் போட்டுப் பின்கால்களில் அறையுங்கள். இந்த முதுகுப் பலகை இடவல ஆட்டத்தை அடியோடு நிறுத்திவிடும். இரண்டு குறுக்குச் சட்டம் செய்கிற வேலையை ஒரு பலகை அதைவிட நன்றாகச் செய்யும்.

கால்களின் அடியைத் தரைப் படத்தின்படி அறுத்த பிறகு, அறுத்த முகத்தில் பிரைமர் மூன்று கோட் ஊறவிட்டு அடியுங்கள். தரையின் ஈரமும் கரையானும் ஏறுவது அந்த வழியாகத்தான்.

மேல்பலகை

இரண்டு பிளைவுட் துண்டையும் முழுப் பரப்பிலும் பசை தடவி ஒட்டுங்கள். ஓரத்தில் மட்டும் தடவினால் நடுவே பலகை தனியாக அதிரும். காய்ந்ததும் பக்கச் சட்டங்களில் இரண்டிரண்டு 3 அங்குல ஸ்க்ரூ, அடியில் பசை. பின்பக்கம் முதுகுப் பலகையோடு இரண்டு எல் கிளாம்ப்.

கிரைண்டரின் அடித்தட்டின் முன்விளிம்பு பலகையின் முன்விளிம்போடு ஒன்றாக வர வேண்டும். நடுவே தள்ளி வைத்தால் நீளமான கைப்பிடி உள்ள உளியும் அரிவாளும் பலகையில் இடிக்கும். யந்திரத்தை அங்கே வைத்துத் துளைகளைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, பலகையின் முழுத் தடிமனுக்கும் துளை போடுங்கள். 8 மி.மீ. போல்ட், மேலும் கீழும் பெரிய வாஷர், அடியில் நைலான் வைத்த நட். மரஸ்க்ரூ வேண்டவே வேண்டாம்.

அடியில் ரப்பர் வைக்கலாமா? வைக்கலாம், ஆனால் மெல்லியதாக. பழைய லாரி டியூபில் வெட்டிய ஒரு துண்டு போதும். தடித்த மெத்தென்ற ரப்பரை வைத்தால் ஸ்டாண்டு ஆடாது, கிரைண்டர் ஆடும். உளி படுவது கிரைண்டரில்தான்.

மணல் பெட்டி

இதுவரை செய்தது எலும்பு. எடை இனிமேல்தான். கீழ்ச் சட்டங்களின் உள்பக்கம் ஒரு ரீப்பர் துண்டை அறைந்து, அதன் மேல் உட்காரும்படி பிளைவுட்டில் ஒரு பெட்டி செய்யுங்கள். வெளியகலம் 11 அங்குலம், அப்போதுதான் கால்களுக்கு நடுவே கச்சிதமாக இறங்கும். உள்ளளவு ஒன்பதரைக்குப் பன்னிரண்டு, ஆழம் 6. பெட்டிக்குள்ளிருந்து நாலு காலிலும் ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிடுங்கள், பெட்டியே கீழ்க் குறுக்குச் சட்டமாகவும் ஆகிவிடும்.

இந்த அளவுக்கு 11 லிட்டர் மணல் பிடிக்கும், 17 கிலோவுக்கு வரும். எம்-சாண்ட் போதும். ஆனால் ஈர மணலை அப்படியே கொட்டாதீர்கள். மொட்டை மாடியில் சாக்கை விரித்து இரண்டு நாள் நல்ல வெயிலில் காயப்போட்டு, கையில் அள்ளினால் விரலிடுக்கில் உதிர்கிற பதம் வந்ததும், கனமான பாலித்தீன் பைகளில் கட்டி அடுக்குங்கள். ஈரம் இருந்தால் பெட்டி உளுத்துப் போகும், ஸ்க்ரூ துருப்பிடிக்கும். பையாக இருந்தால் ஸ்டாண்டை இடம் மாற்றும்போது எடுத்து வைக்கவும் சுலபம். இடைவெளியில் மீதி மணலைத் தூவி நிரப்புங்கள். செங்கல் வைத்தாலும் எடை கிடைக்கும், ஆனால் மணல் துகள்கள் ஒன்றோடொன்று உரசி அதிர்வைத் தின்பது செங்கல்லில் கிடைக்காது.

நெருப்பு

கல்லின் முன்பக்கம் கீழ்நோக்கிச் சுழல்வதால் பொறியும் கீழ்நோக்கித்தான் கொட்டும். நேராகப் பெட்டியின் மூடி மேலும், குறுக்குச் சட்டத்தின் மேலும். அதனால் மூன்று இடத்துக்கு ஜிஐ தகடு அடியுங்கள்: மேல்பலகையின் முன் விளிம்பு, குறுக்குச் சட்டத்தின் முகம், மணல் பெட்டியின் மூடியும் முன்முகமும். தகட்டின் ஓரத்தை மடித்து அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கையைக் கிழிக்கும். பொறி தகட்டில் விழுந்து அணைந்துவிடும். தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவே தூள் புகும் சந்து இல்லாமல் பாருங்கள்.

மரப்பட்டறையில் கிரைண்டர் வைப்பவர்கள் இதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். இழைப்புச் சுருளும் மரத்தூளும் கிடக்கிற இடத்தில் சாணை பிடிக்கக் கூடாது. தின்னர், வார்னிஷ் டப்பாக்கள் அந்த மூலையிலேயே இருக்கக் கூடாது. ஒரு பொறி தூளுக்குள் விழுந்து, புகையாமல் கனன்று, நாம் விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டிய பிறகு எரியத் தொடங்கலாம். அன்றாடம் சாணை வேலையை மாலையில் கடைசியாக வைத்துக்கொள்ளாமல் காலையில் முடித்துவிடுவது நல்ல பழக்கம். கால் மணி நேரம் கழித்து ஒருமுறை பெட்டி மூடியைத் தொட்டும் பார்த்துவிடுங்கள்.

இன்னொரு சேதமும் உண்டு, அது மெல்லத் தெரியும். கிரைண்டரிலிருந்து பறக்கும் இரும்புப் பொடி தேக்கு, கருவேலம் மாதிரி துவர்ப்புள்ள மரத்தின் மேல் படிந்து, ஈரம் பட்டால் கருநீலக் கறையாகிவிடும். இழைத்து முடித்த நாற்காலிக் கையில் ஒருநாள் இப்படிப் புள்ளி புள்ளியாகப் பார்த்த பிறகு ஸ்டாண்டைப் பட்டறையின் வேறு கோடிக்கு மாற்றினேன். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைப் பாலித்தீன் பையில் சுற்றிப் பெட்டி மூடி மேல் வைத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை பையை உரித்து உதறினால் பொடி மொத்தமாக வந்துவிடும்.

மின்சாரமும் முதல் ஓட்டமும்

ஒயரைப் பின்கால் வழியாக இறக்கி, இரண்டு மூன்று இடத்தில் கிளிப் போட்டு நிறுத்துங்கள். முன்பக்கம் தொங்கினால் பொறி அதன் மேல்தான் விழும். மூன்று முள் பிளக், எர்த் உள்ள பாயிண்ட். எர்த் இல்லாத பாயிண்டில் இரும்பு உடம்புள்ள யந்திரத்தை ஓட்ட வேண்டாம். சுவிட்ச் இடது கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால், வலது கையில் உளி இருக்கும்போதே அணைக்கலாம்.

உளியை வைத்துப் பிடிக்கும் டூல் ரெஸ்டுக்கும் கல்லுக்கும் 3 மி.மீ. இடைவெளிக்கு மேல் இருக்கக் கூடாது. மேலே பொறியைத் தடுக்கும் சிறு தகடு 6 மி.மீ.க்குள். கல் தேயத் தேய இரண்டையும் நகர்த்திக்கொண்டே வர வேண்டும். இடைவெளி பெரிதானால் உளி உள்ளே இழுக்கப்பட்டுச் சிக்கிக்கொள்ளும், கல் உடைவது பெரும்பாலும் அப்படித்தான்.

கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். கையுறை வேண்டாம், கல் அதைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். தோளில் துண்டு, தொங்கும் வேட்டி நுனி, முந்தானை, துப்பட்டா எதுவும் அருகே வரக் கூடாது. சுவிட்சைப் போடும்போது கல்லுக்கு நேரே நிற்காமல் ஒரு பக்கம் ஒதுங்கி நின்று, ஒரு நிமிடம் ஓட விட்டுவிட்டு, பிறகு முன்னால் வாருங்கள். அலுமினியம், பித்தளை எதையும் இந்தக் கல்லில் கொடுக்காதீர்கள், கல்லின் துளைகளில் ஒட்டி அடைத்துக்கொள்ளும்.

ஸ்டாண்ட் எப்படி நிற்கிறது என்று பார்க்க ஒரு எவர்சில்வர் டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் வைத்து மேல்பலகையின் ஓரத்தில் நிறுத்தி யந்திரத்தை ஓட்டுங்கள். வேகம் ஏறும்போது ஒரு நொடி தண்ணீர் சிலிர்க்கும், அது இயல்பு. முழு வேகம் வந்த பிறகும் வட்ட வட்டமாக அலை நிற்காமல் இருந்தால் கல்லின் நிலையை மறுபடி பாருங்கள், அல்லது நாலு காலில் ஒன்று தரையில் படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். படாத காலுக்கு அடியில் ஆப்பு வைக்காதீர்கள், ஆப்பு அதிர்வில் நகர்ந்துவிடும். மற்ற மூன்று காலையும் கொஞ்சம் அரத்தால் ராவி மட்டப்படுத்துங்கள். பிறகு அந்த டம்ளரையே தண்ணீர்க் கிண்ணமாக அங்கேயே வைத்துக்கொள்ளலாம். உளியின் நுனி நீலமாக மாறினால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று பொருள். இரண்டு மூன்று இழுப்புக்கு ஒருமுறை தண்ணீரில் தொட்டு எடுங்கள்.

ஒரு மாதம் ஓட்டிய பிறகு நாலு போல்ட்டையும் ஒருமுறை ஸ்பானர் வைத்துப் பாருங்கள். மரம் கொஞ்சம் அமுங்கியிருக்கும், கால் சுற்று இறங்கும். இறுக்கியதும் நட்டின் மேலும் வாஷரின் மேலும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு போட்டுவிட்டால், பிறகு எப்போது தளர்ந்தாலும் கோடு விலகியிருப்பது குனிந்து பார்த்தாலே தெரியும்.